நேர்முகப் பரீட்சையில் பதில் சொல்வது எப்படி? மேசையின் மறுபக்கத்திலிருந்து சில பாடங்கள்

தொழில் தேடும் எமது இளைஞர்கள் விண்ணப்பம் எழுதவும், சான்றிதழ்களைப் பிரதி எடுக்கவும், 'ஆள் பிடிக்கவும்' நாட்கணக்கில் அலைகிறார்கள். ஆனால் நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்று ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து யோசிப்பவர்கள் மிகக் குறைவு. கடிதம் கிடைத்ததும் புதுச் சேர்ட் வாங்குவார்கள். பதில் மட்டும் வாயில் வந்தபடி இருக்கும்.

நான் பல்கலைக்கழகம் சென்று படித்தவன் அல்லன். பாடசாலைப் படிப்போடு வியாபாரத்தில் இறங்கியவன். ஆனால் முப்பது வருடங்களாகக் கடைக்கும் களஞ்சியத்துக்கும் ஆள் எடுத்து வருகிறேன். நண்பர்களின் நிறுவனங்களிலும் நேர்முகப் பரீட்சைக் குழுவில் அமர்ந்திருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அவதானித்தவற்றையே இவ்வாரம் பாடமாகத் தருகிறேன்.

கேட்பவரின் மனதில் இருப்பவை மூன்றுதான்

கேள்விகள் ஐம்பது விதமாக வரலாம். ஆனால் கேட்பவரின் மனதில் இருப்பவை மூன்று சந்தேகங்களே. இவருக்கு வேலை தெரியுமா? இவர் நிலைத்து நிற்பாரா? இவரை நம்பலாமா?

"உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்ற சாதாரண கேள்விக்குப் பின்னாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். எனவே ஒரு கேள்வி வந்ததும், இது மூன்றில் எந்தச் சந்தேகம் என்று ஒரு கணம் யோசியுங்கள். பதில் தானாக நேராகிவிடும். இரண்டு விநாடி மௌனமாக இருந்தால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். கேள்வி முடியுமுன் பாய்ந்து பதில் சொல்பவரைத்தான் குறை நினைப்பார்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

அநேகமாக முதல் கேள்வி இதுதான். எமது பிள்ளைகளில் பலர் பெயர், பிறந்த திகதி, வாப்பாவின் தொழில், சகோதரர்களின் எண்ணிக்கை, படித்த பாடசாலை என்று ஒப்புவிப்பார்கள். அவை யாவும் சுயவிபரக் கோவையில் இருக்கின்றன. அது கேட்பவரின் கையிலேயே இருக்கிறது.

ஒரு நிமிடத்துக்குள் மூன்று விடயங்கள் சொன்னால் போதும். இப்போது என்ன செய்கிறீர்கள், இதற்கு முன் என்ன செய்தீர்கள் அல்லது படித்தீர்கள், இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள். உதாரணமாக, களஞ்சியப் பொறுப்பாளர் பதவிக்கு வந்தவர் இப்படிச் சொல்லலாம்:

"உயர்தரம் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தேன் சேர். இரண்டு வருடமாக அக்கரைப்பற்றில் ஒரு ஹாட்வெயார் கடையில் களஞ்சியத்தைப் பார்க்கிறேன். வந்த சாமான், போன சாமான், இருப்பு மூன்றையும் கணனியில் பதிவது என் பொறுப்பு. உங்கள் களஞ்சியம் அதைவிடப் பெரியது. அந்த வேலையை இன்னும் பெரிய அளவில் செய்ய விரும்பி விண்ணப்பித்தேன்."

இதில் பெருமையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அடுத்த கேள்வி எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்துவிட்டார். இருப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அது அவருக்குத் தெரிந்த விடயம்.

"அனுபவம் இல்லை சேர்"

நான் கேட்ட பதில்களில் அதிகம் வருந்தியது இந்த ஒன்றுக்குத்தான்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி எமது கரையோரத்தை அழித்த பின்னர், 2005ஆம் ஆண்டில் பல வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கல்முனைப் பிரதேசத்துக்கு வந்தன. வெளிக்கள உத்தியோகத்தர், களஞ்சியக் காப்பாளர், கணக்கு உதவியாளர் என்று ஆட்களைத் தேடின. எமது ஊர்களில் பல இளைஞர்களுக்கு வாழ்க்கையில் முதலாவது நேர்முகப் பரீட்சை அப்போதுதான் கிடைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஒன்றுக்குப் போனார். "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை சேர்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மாதமும் ஒரு பாடசாலை முகாமில் உலருணவுப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். யாருக்கு எத்தனை கிலோ அரிசி, எந்தக் குடும்பத்தில் கைக்குழந்தை, எந்த லொறியில் எத்தனை மூட்டை குறைந்தது என்பதெல்லாம் அவரிடம் எழுத்தில் இருந்தது. "அது கடமைதானே காக்கா, வேலையா?" என்று என்னிடம் கேட்டார்.

சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். அடுத்த நேர்முகப் பரீட்சைக்கு முன்னர் அவரை உட்கார வைத்து, அதே விடயத்தை நான்கு படிகளாகச் சொல்லப் பழக்கினோம்.

1. நிலைமை: "பாடசாலை முகாமில் இருந்தோம். பொருட்கள் வந்தன. ஆனால் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பதிவு இல்லை. ஒவ்வொரு நாளும் சண்டை."

2. பொறுப்பு: "விநியோகத்தைப் பதிவு செய்யும் வேலையை என்னிடம் தந்தார்கள்."

3. செய்தது: "குடும்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்தேன். ஒரு சி.ஆர். கொப்பியில் குடும்பத் தலைவர், அங்கத்தவர் எண்ணிக்கை, பெற்ற திகதி, கையொப்பம் என்று கோடு போட்டேன். லொறி வந்ததும் மூட்டையை எண்ணிச் சாரதியிடமும் கையொப்பம் வாங்கினேன்."

4. விளைவு: "இரண்டு தரம் வாங்குவது நின்றது. சண்டை குறைந்தது. கிராம சேவகரும் அந்தக் கொப்பியைப் பார்த்தே பட்டியல் தயாரித்தார்."

இதைக் கேட்ட நிறுவனம் அவரை எடுத்தது. சான்றிதழ் ஒன்றும் கூடவில்லை. சொன்ன முறைதான் மாறியது.

இன்று தொழில் தேடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வேளாண்மை வெட்டும் காலத்தில் கூலிக் கணக்குப் பார்த்தீர்களா? மீன் வாடியில் நிறுவையும் கடனும் எழுதினீர்களா? உம்மாவின் தையல் ஓடர்களைத் தொலைபேசியில் எடுத்துக் கொடுத்தீர்களா? 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாத மாதங்களில் வாப்பாவின் கடைக்குச் சாமான் கொண்டு வர வழி கண்டீர்களா? இவை யாவும் அனுபவமே. நான்கு படிகளில் சொல்லத் தெரிந்தால் போதும்.

இப்படி ஏன் கேட்கிறார்கள்?

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. அமெரிக்காவில் பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள், ஊழியர் தெரிவு பற்றி 85 வருட காலத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1998ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை, வாயில் வந்ததைக் கேட்கும் உரையாடலை விட, யார் நன்றாக வேலை செய்வார் என்பதை நன்கு காட்டுகிறது என்பது அதில் ஒரு முடிவு. இன்று வங்கிகளும் பெரிய கம்பனிகளும் "இப்படி ஒரு நிலைமையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதன் காரணம் இதுதான்.

செய்ததைக் கேட்கும் போது செய்ததைச் சொல்ல வேண்டும். "நான் கடும் உழைப்பாளி, நேர்மையானவன்" என்பதை எல்லோரும் சொல்வார்கள். காசுப்பெட்டியில் 500 ரூபா கூடியிருந்த அன்று என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நேர்மை தானாக விளங்கும்.

இன்னொன்று. "இதைச் செய்வீர்களா?" என்று கேட்டால் "இன்ஷா அல்லாஹ்" என்பது எமது நாவில் ஊறிய வார்த்தை. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். அந்த வார்த்தையின் பாரத்தை அறியாத ஒரு முகாமையாளருக்கு, 'பார்க்கலாம்' என்று சொன்னதாகவே படும். "இன்ஷா அல்லாஹ், மாத முடிவுக்குள் கணக்கை ஒப்படைப்பேன்" என்று திகதியையும் செயலையும் சேர்த்துச் சொன்னால் இருவருக்கும் விளங்கும்.

குறைகளைக் கேட்டால்

"உங்களிடம் உள்ள குறை என்ன?" என்ற கேள்விக்கு "குறை ஒன்றும் இல்லை" என்பவரை நம்ப முடியாது. "அளவுக்கு மிஞ்சி உழைப்பதுதான் என் குறை" என்பது புத்தகத்தில் படித்த பதில். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

உண்மையான, ஆனால் அந்த வேலையைக் கெடுக்காத ஒரு குறையைச் சொல்லுங்கள். அதைத் திருத்த என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "ஆங்கிலத்தில் வாசித்து விளங்குவேன், பேசத் தயக்கம் உண்டு. ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன்." இது போதும். காசாளர் வேலைக்கு வந்து "எனக்குக் கணக்கு கொஞ்சம் பிழைக்கும்" என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்படியானால் அந்த வேலைக்கு வந்ததே பிழை.

"முன்னைய வேலையை ஏன் விட்டீர்கள்?"

பழைய முதலாளியைக் குறை கூறாதீர்கள். அவர் உண்மையிலேயே கொடியவராக இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுக் கொண்டிருப்பவரும் ஒரு முதலாளிதான். நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார் என்று அவர் நினைப்பார். "அங்கு கற்றுக் கொள்ள வேண்டியதைக் கற்றுக் கொண்டேன். மேலே போக இடம் இருக்கவில்லை" என்ற அளவில் முடித்துக் கொள்வது நல்லது.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய சகோதரர்களிடம் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். "திரும்பவும் வெளிநாடு போய்விடுவீர்களா?" இது 'நிலைத்து நிற்பாரா' என்ற சந்தேகம். விசாவுக்குக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு "போக மாட்டேன்" என்று சத்தியம் செய்வது பொய். உண்மையாகவே ஊரில் தங்க முடிவு செய்திருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வயது போன்றவை எல்லோருக்கும் விளங்கும். அத்தோடு அங்கு கற்றதையும் சொல்லுங்கள். பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்றில் இருப்புக் கட்டுப்பாடு பார்த்தவர் எமது பிரதேசத்துக்கு ஒரு சொத்து.

சம்பளம் பற்றிய கேள்வி

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால் "நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்பது எமது வழக்கம். மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம். சம்பளம் வந்ததும் வீட்டில் மனக்குறைப்படுகிறோம். அதே வேலைக்கு அம்பாறை, மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சொல்லுங்கள்.

தொகையைக் கேட்கும் போது எதைச் சேர்த்து, எதைக் கழித்து என்பதையும் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் குறைந்தது 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியின 3 வீதம் முழுவதும் தொழில்தருநருடையது. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது.

60,000 ரூபா சம்பளம் என்று வையுங்கள். உங்களிடமிருந்து 4,800 ரூபா கழியும். முதலாளி 7,200 ரூபாவும் 1,800 ரூபாவும் தன் கையிலிருந்து போட வேண்டும். ஆக, மாதம் 13,800 ரூபா உங்கள் பெயரில் சேர்கிறது. "கைக்கு 62,000 தருகிறோம், நிதி ஒன்றும் இல்லை" என்பவரிடம் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தோடு, இந்த இரு நிதிகளையும் கொடுப்பது முதலாளியின் விருப்பம் அல்ல, சட்டம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒரு முதலாளியாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

மொழி

கொழும்பிலோ அம்பாறையிலோ நேர்முகப் பரீட்சை என்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேள்வி வரலாம். தெரியாத மொழியில் தடுமாறி அரைகுறையாகச் சொல்வதை விட, முதல் இரண்டு வாக்கியத்தை அந்த மொழியில் சரியாகச் சொல்லிவிட்டு, "மிகுதியைத் தமிழில் அல்லது ஆங்கிலத்தில் சொல்லலாமா?" என்று அனுமதி கேளுங்கள். பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் அதோடு இருந்துவிட வேண்டாம். 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் சேர்பவர்கள், குறிப்பிட்ட காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. தனியார் துறையில் சட்டம் இல்லாவிட்டாலும் சந்தை அதையே கேட்கிறது. பேசும் சிங்களம் தெரிந்த விற்பனைப் பிரதிநிதிக்கு அம்பாறை நகரமும் உகணையும் சேர்த்துத் திறக்கும்.

ஊரைப் பற்றிக் கேட்டால்

இதை எழுதுவதா, விடுவதா என்று யோசித்தேன். பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர், 26ஆம் திகதி இரவு எமது ஊரில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த ஒரு வீட்டைப் படையினர் நெருங்கிய போது குண்டுகள் வெடித்தன. ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது. அதன் பின் சுயவிபரக் கோவையில் 'சாய்ந்தமருது' என்ற முகவரியைக் கண்டதும் முகம் மாறிய அனுபவத்தைச் சில இளைஞர்கள் என்னிடம் சொன்னார்கள். சிலர் முகவரியைக் 'கல்முனை' என்று மட்டும் எழுதத் தொடங்கினார்கள்.

ஊரை மறைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தேசிய அடையாள அட்டையில் இருப்பதை மறைத்தால், 'நம்பலாமா' என்ற சந்தேகத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கேட்டால் கோபப்படவும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். இரண்டு வாக்கியம் போதும்.

"ஓம் சேர், சாய்ந்தமருதுதான். வெளியிலிருந்து வந்து தங்கியிருந்த அந்த ஆட்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் எங்கள் ஊர் மக்கள்தான். என்னைப் பற்றி நான் வேலை செய்த இடத்தின் முகாமையாளரிடம் கேட்கலாம், அவருடைய இலக்கம் இதில் இருக்கிறது."

இத்தோடு பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள். முதல் பகுதி உண்மை, இரண்டாம் பகுதி உங்கள் சாட்சி. ஊருக்காக வாதாடுவது உங்கள் வேலை அல்ல. உங்களை யார் என்று காட்டுவதே உங்கள் வேலை.

ஹிஜாப் அணியும் சகோதரிகளிடம் உடையைப் பற்றிக் கேட்டாலும் அமைதியாக, "இந்த உடையோடுதான் முன்னைய இடத்திலும் வாடிக்கையாளர்களைக் கவனித்தேன்" என்று வேலையைக் காட்டிப் பதில் சொல்லலாம். "திருமணம் முடித்தால் விட்டுவிடுவீர்களா?" என்ற கேள்விக்கு, வீட்டாரோடு பேசி முடிவு எடுத்துவிட்டுப் போங்கள். "குடும்பத்தின் சம்மதத்தோடுதான் விண்ணப்பித்தேன், தொடர்ந்து வேலை செய்ய எண்ணியுள்ளேன்" என்று தயங்காமல் சொல்ல முடியும். ஜும்ஆத் தொழுகைக்கான நேரத்தை நியமனத்துக்கு முன்னரே பேசிக் கொள்ளுங்கள். அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்வதாகச் சொன்னால் மறுப்பவர் குறைவு. சேர்ந்த பிறகு பேசினால்தான் பிரச்சினை.

சட்டத்தையும் அறிந்து வைத்திருங்கள். எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, பால், பிறந்த இடம் போன்றவற்றால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வது அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே. அதையும் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அரச நியமனத்தில் அநீதி நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். தனியார் கம்பனியில் இந்த வழி பெரும்பாலும் இல்லை. அங்கே உங்கள் பதிலே உங்கள் கவசம்.

அரசாங்க நேர்முகப் பரீட்சை வேறு

அரச பதவிகளுக்குப் 'பொது நேர்முகப் பரீட்சை', 'கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை' என்று இருவகை உண்டு. முதலாவதில் புள்ளி கிடையாது. தகைமைகளும் சான்றிதழ்களும் சரியா என்று பார்ப்பதே நோக்கம். அங்கே பேச்சுத் திறமையை விட, மூலச் சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கிய ஒரு கோவையே முக்கியம். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் முன்கூட்டியே திருத்திக் கொள்ளுங்கள். இரண்டாவதில் மேலதிகத் தகைமை, அனுபவம், மொழி, கணனி அறிவு என்று தலைப்புவாரியாகப் புள்ளி இடுவார்கள். வர்த்தமானி அறிவித்தலையும் ஆட்சேர்ப்புத் திட்டத்தையும் தேடி வாசித்து, ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அத்தாட்சி வைத்துக் கொள்ளுங்கள். அரசியல்வாதியின் கடிதத்துக்கு அந்தப் பட்டியலில் தலைப்பு இல்லை.

கடைசிக் கேள்வி உங்களுடையது

"ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்றால் "இல்லை சேர்" என்று எழுந்துவிடாதீர்கள். "முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஒன்று கேளுங்கள். வேலையில் அக்கறை உள்ளவர் என்பது விளங்கும். நியமனக் கடிதம் எழுத்தில் கிடைக்குமா, தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதையும் கேட்கலாம். தவறில்லை.

வீட்டுப் பாடம் ஒன்று. ஒரு கொப்பி எடுத்து, மேலே சொன்ன கேள்விகளுக்கு உங்கள் சொந்தப் பதில்களை எழுதுங்கள். நான்கு படிகளில் சொல்லக் கூடிய மூன்று சம்பவங்களையும் உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். பின்னர் உங்களுக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடமோ ஆசிரியரிடமோ போய், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னாலே தயக்கம் குறையும். ஊரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களே, இப்படி ஒரு பிள்ளை வந்தால் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு சிபாரிசுக் கடிதத்தை விட அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி.